ஊர்விட்டு ஊர் ஒரு வீலான்

புதிதாக ஒரு ரூட்டிங் முறையை எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே ஓட்டிப் பார்ப்பீர்கள்? ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்நெட்டில் கைவைக்க எந்தக் கம்பெனியும் விடாது. சிமுலேட்டரில் ஓட்டினால், நீங்கள் என்ன அனுமானங்களை எழுதிக் கொடுத்தீர்களோ அவைதான் விடையாகத் திரும்பி வரும். ஆய்வகத்தில் ஆறு சர்வர், இரண்டு ஸ்விட்ச் வைத்து ஓட்டலாம். ஆனால் அங்கே நீளமான கேபிளே மூன்று மீட்டர்தான். எல்லாப் பெட்டிக்கும் பாஸ்வேர்ட் உங்களிடமே இருக்கும்.

இதில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது கடைசியில் சொன்னதுதான். இன்டர்நெட் என்பது ஒன்றையொன்று முழுசாக நம்பாத பல்லாயிரம் நெட்வொர்க்குகள் சேர்ந்து ஓடுவது. எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி இருக்கும் ஓர் அறைக்குள் அதைப் பார்க்கவே முடியாது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருக்கும் சோதனை நெட்வொர்க்குகளை (நெட்வொர்க்காரர்கள் டெஸ்ட்பெட் என்பார்கள்) ஒன்றோடொன்று இணைக்கும் வேலை இதனால்தான் தேவைப்பட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக இது நடக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் கதைகளில் இது ஒன்று.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது கணக்கு மட்டும்தான். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 3,000 கிலோமீட்டர் ஃபைபர் என்றால் போக 15 மில்லி நொடி, வர 15 மில்லி நொடி. அந்தப் பாதை 100 ஜிகாபிட் வேகம் கொண்டது என்றால், முதல் பைட்டுக்கு "வந்து சேர்ந்தது" என்று பதில் கிடைப்பதற்குள் நீங்கள் 375 மெகாபைட் அனுப்பியிருப்பீர்கள். பதில் வரும்வரை அத்தனையையும் மெமரியில் பிடித்து வைத்திருக்க வேண்டும். மூன்று மீட்டர் கேபிளில் இந்தப் பிரச்சினை தலைகாட்டவே காட்டாது.

தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கவும் வழி உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜே லெப்ரோ தலைமையில் உருவான எமுலாப் அதை அழகாகச் செய்தது. இரண்டு கணினிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை வைத்து, டம்மிநெட் என்ற மென்பொருளால் பாக்கெட்டுகளைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து அனுப்புவார்கள். 15 மில்லி நொடி கேட்டால் 15 மில்லி நொடி கிடைக்கும். எமுலாப் இல்லாமல் எத்தனையோ நல்ல ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்காது. ஆனாலும் நிஜமான நீண்ட பாதை கேட்டபடி நடந்துகொள்வதில்லை. நடுவில் யாரோ ஒருவருடைய ஸ்விட்சில் பஃபர் சின்னதாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ பராமரிப்பு வேலை பார்ப்பார்கள், பாதையே மாறிவிடும். உங்கள் புது முறை இதையெல்லாம் தாங்குமா என்பதுதானே கேள்வி.

அமெரிக்காவில் இதற்கான முதல் பெரிய முயற்சி 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஜிகாபிட் டெஸ்ட்பெட்டுகள். ராபர்ட் கானின் சி.என்.ஆர்.ஐ. நிறுவனம் ஒருங்கிணைக்க, அரோரா, பிளாங்கா, காசா, நெக்டார், விஸ்டாநெட் என்று ஐந்து. வீடுகளில் மோடம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவை ஜிகாபிட் வேகத்தை எட்டப் பார்த்தன. வட கரோலைனாவின் விஸ்டாநெட், புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையைத் திட்டமிடும் மருத்துவர்களைத் தொலைவில் இருந்த கிரே சூப்பர்கம்ப்யூட்டரோடு இணைத்தது. ஒவ்வொன்றும் பெரிய சாதனை. ஆனால் ஐந்தும் தனித்தனி. அரோராவில் இருப்பவர் காசாவில் ஒரு சோதனை ஓட்ட வழியில்லை.

பிறகு 2002-ல் பிளானட்லாப் வந்தது. பிரின்ஸ்டனின் லாரி பீட்டர்சனும் பெர்க்லியின் டேவிட் கல்லரும் முன்னின்று தொடங்கியது. ஏற்பாடு எளிது: உங்கள் நிறுவனம் இரண்டு கணினிகளைக் கொடுத்தால், மற்றவர்கள் கொடுத்த எல்லாக் கணினிகளிலும் உங்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும். அந்தப் பங்குக்கு ஸ்லைஸ் என்று பெயர். 2010 வாக்கில் 500-க்கும் மேற்பட்ட இடங்களில் 1,000-க்கும் மேற்பட்ட கணினிகள் இருந்தன. அதன் பலமும் எல்லையும் ஒன்றே: எல்லாம் பொது இன்டர்நெட் மேல் ஓடியது. நிஜமான தாமதம், நிஜமான நெரிசல் எல்லாம் கிடைத்தது. நடுவில் இருக்கும் பாதை மட்டும் உங்கள் சொல்லைக் கேட்காது. இவ்வளவு பேண்ட்வித் எனக்கே எனக்கு வேண்டும் என்று கேட்க முடியாது. ஐ.பி.க்குப் பதிலாக வேறொன்றை ஓட்டிப் பார்க்கிறேன் என்றும் சொல்ல முடியாது. பிளானட்லாப் 2020-ல் மூடப்பட்டது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜெனி. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 2007-ல் திட்ட அலுவலகத்தை பி.பி.என். நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். 1969-ல், இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் பாக்கெட் ஸ்விட்சுகளைச் செய்து கொடுத்த அதே பி.பி.என்.தான். எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவதற்குப் பதில், ஏற்கெனவே இருப்பவற்றைச் சேர்த்துத் தைப்பது என்று முடிவெடுத்தார்கள். பிளானட்லாப், எமுலாப், டியூக் பல்கலைக்கழகத்தின் ஓர்கா கட்டுப்பாட்டு மென்பொருள், ரட்கர்ஸில் 400 வயர்லெஸ் கணினிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்த ஆர்பிட் எல்லாம் உள்ளே வந்தன. பின்னால் பல பல்கலைக்கழக வளாகங்களில் ஜெனி ரேக்குகள் வைத்தார்கள். ஒரே அலமாரிக்குள் சில சர்வர்கள், வெளியிலிருந்து மென்பொருளால் இயக்கக்கூடிய ஓபன்ஃப்ளோ ஸ்விட்ச், கட்டுப்பாட்டு மென்பொருள்.

சரி, யூட்டாவில் ஒரு ரேக், தென் கரோலைனாவின் கிளெம்சனில் ஒரு ரேக். இரண்டுக்கும் நடுவே உங்கள் சோதனைக்கு மட்டும் ஒரு கம்பி வேண்டும். யாரும் புதிதாக ஃபைபர் இழுக்கப் போவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பாதையில் ஒரு வீலான் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஈதர்நெட் ஃபிரேமின் தலையில் ஒரு சின்ன எண்ணை ஒட்டி, "இந்த எண் உள்ளது எல்லாம் ஒரு கூட்டம், மற்றவர்களோடு கலக்காதே" என்று ஸ்விட்சிடம் சொல்வதுதான் வீலான். அந்த எண்ணுக்கு 12 பிட் இடம். மொத்தம் 4,096. அதில் இரண்டு ஒதுக்கப்பட்டவை போக 4,094.

நாலாயிரம் இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். இப்போது பாதையைப் பாருங்கள். யூட்டா ரேக்கின் ஸ்விட்ச், அடுத்து யூட்டா வளாகத்தின் நெட்வொர்க், அடுத்து வட்டார நெட்வொர்க், அடுத்து நாடு முழுக்க ஓடும் இன்டர்நெட்2, மறுபடி ஒரு வட்டார நெட்வொர்க், கிளெம்சன் வளாகம், கிளெம்சன் ரேக். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி. ஒவ்வொருவரும் ஹாஸ்டலுக்கு இவ்வளவு, கணக்குப்பிரிவுக்கு இவ்வளவு, கேமராக்களுக்கு இவ்வளவு என்று எண்களைப் பிரித்துக் கொடுத்த பிறகு, "ஆராய்ச்சிக்கா? சரி, இந்தப் பத்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். அந்தப் பத்தும் அடுத்தவரின் பத்தும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற கதைதான்: மண்டபம் காலியாக இருக்கிற முகூர்த்தத்தில் சமையல்காரர் கிடைக்கமாட்டார், இருவரும் கிடைக்கிற தேதியில் மாப்பிள்ளைக்கு லீவு இருக்காது.

சில ஸ்விட்சுகளால் எண்ணை மாற்றி எழுத முடியும். 1,750 என்று உள்ளே வந்ததை 3,201 என்று வெளியே அனுப்பும். அப்படி ஒரு ஸ்விட்ச் பாதையின் நடுவில் இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். எல்லா ஸ்விட்சுக்கும் அந்தத் திறமை கிடையாது. இருந்தாலும் அதைத் திறந்துவிட நிர்வாகி சம்மதிக்க வேண்டும்.

ஜெனியின் ஆரம்ப நாட்களில் இதை ஆட்களே செய்தார்கள். நாடு முழுக்க 3715, 3716 என்று சில எண்களை ஒதுக்கி, அவற்றை வளாகத்துக்கு வளாகம் மெயில் அனுப்பி, போனில் பேசி நீட்டினார்கள். ஒரு நிர்வாகி விடுமுறையில் போனால் வேலை அப்படியே நிற்கும். இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஐ.பி. பாக்கெட்டில் இருப்பதுபோல ஈதர்நெட் ஃபிரேமில் ஆயுள் எண் எதுவும் இல்லை. எங்கோ ஒரு வளாகத்தில் இரண்டு வீலான்களைத் தெரியாமல் சேர்த்துவிட்டால், ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிச் சுற்றி, பெருகிப் பெருகி, பாதை முழுவதையும் அடைத்துவிடும். நாட்டின் ஒரு கோடியில் நடந்த தவறு மறுகோடியில் இருப்பவரின் சோதனையைக் கெடுக்கும்.

பிறகு இதை மென்பொருளிடம் கொடுத்தார்கள். ஸ்டிட்சிங் என்று பெயர், தைப்பது. நீங்கள் இரண்டு முனைகளைச் சொன்னால் போதும். நடுவில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் எந்த எண்கள் உண்டு, யாரால் எண்ணை மாற்ற முடியும் என்று ஒரு சேவை கணக்குப் போட்டுத் தரும். அடுத்து, தைக்கும் கருவி ஒவ்வொரு இடமாகப் போய் "இந்த எண் தருகிறாயா?" என்று கேட்கும். முதல் இடம் சரி என்று ஒதுக்கும், இரண்டாவதும் ஒதுக்கும். மூன்றாவது இடம், "மன்னிக்கவும், இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் வேறொருவர் எடுத்தார்" என்று சொல்லும். உடனே முதல் இரண்டு இடத்திலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எண்ணோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க மறந்தால், யாரும் பயன்படுத்தாத எண்கள் ஒவ்வொரு இடத்திலும் மாட்டிக்கொண்டே போகும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தத் திருப்பிக் கொடுக்கும் பகுதி ஒரு வரியோடு முடிந்துவிடும். உழைப்பு முழுவதும் அங்கேதான் போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

எண் கிடைத்துவிட்டது, பாதை எழுந்துவிட்டது. அடுத்து வருவது எம்.டி.யூ., அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு. இதில் தலையைப் பிய்த்துக்கொள்ளாத நெட்வொர்க் எஞ்சினியரை நான் பார்த்ததில்லை. அறிகுறி இப்படி இருக்கும்: பிங் போகும். டி.சி.பி. இணைப்பும் எழும். எஸ்.எஸ்.எச். கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே, சாவி பரிமாறிக்கொள்ளும் கட்டத்தில், அப்படியே உறைந்து நிற்கும். எரர் எதுவும் வராது. இரண்டு பக்கமும் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்பார்கள், இரண்டு பேரும் உண்மைதான் சொல்வார்கள்.

காரணம் அளவு. வழக்கமான ஈதர்நெட் 1,500 பைட் சுமக்கும். வீலான் எண் ஒட்டினால் ஃபிரேமில் 4 பைட் கூடும். நடுவில் இருப்பவர் அதன்மேல் தன் எண்ணையும் ஒட்டினால் இன்னும் 4. ஈதர்நெட் ஃபிரேமை முழுசாக இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லான் சுரங்கத்தைப் பொது நெட்வொர்க்கின் மேல் போட்டால் 50. சின்னப் பாக்கெட்டுகள் எப்படியும் போய்விடும், பிங் போவது அதனால்தான். முழு அளவுப் பாக்கெட் வந்ததும் நடுவில் ஏதோ ஒரு ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரூட்டர் என்றால் "பெரிதாக இருக்கிறது, சுருக்கி அனுப்பு" என்று பதில் சொல்ல வழி உண்டு. ஸ்விட்சுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

கண்டுபிடிக்க, உடைக்காதே என்ற கொடியோடு பிங்கின் அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 1,472 பைட் பிங் போனால் 1,500 முழுசாகப் போகிறது என்று அர்த்தம், மீதி 28 பைட் ஐ.பி., ஐ.சி.எம்.பி. தலைப்புகளுக்கு. 1,422 போய் 1,423 நின்றால், எங்கோ ஒரு விஎக்ஸ்லான் 50 பைட்டைச் சாப்பிடுகிறது. இந்த ஒரு பைட் வித்தியாசத்தை டெர்மினலில் பார்க்கிறபோது, கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ இருக்கும் ஒரு பெட்டியின் செட்டிங்கை இங்கிருந்தே படித்துவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு இன்றும் அது அலுக்கவில்லை.

ஆனால் எண்ணும் அளவும் கடைசியில் தீர்ந்துவிடும். தீராதது ஆட்கள் விஷயம். யூட்டாவில் கணக்கு வைத்திருக்கும் மாணவரைக் கிளெம்சன் எதற்காக உள்ளே விட வேண்டும்? அவர் ஏதாவது செய்துவிட்டால் யாரைக் கேட்பது? பிளானட்லாப் காலத்திலேயே இது வந்துவிட்டது. யாரோ ஒரு மாணவர் இன்டர்நெட்டை அளக்கிறேன் என்று பாக்கெட் அனுப்புவார், வாங்குகிறவருக்கு அது போர்ட் ஸ்கேன் மாதிரித் தெரியும். புகார் போய்ச் சேருவது கணினியைக் கொடுத்த கல்லூரியின் நிர்வாகியிடம், அவருக்கு அந்த மாணவர் யாரென்றே தெரியாது. எந்தப் பாக்கெட்டை எந்த ஸ்லைஸ் அனுப்பியது என்று பதிவு செய்து, தேடிப் பார்க்கும்படி வைத்த பிறகுதான் அந்த நிர்வாகிகளுக்கு மூச்சு வந்தது.

ஜெனியில் இன்னும் தெளிவாகச் செய்தார்கள். உங்கள் நிறுவனம் உங்களுக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் தரும். எந்தெந்த நிறுவனத்தின் கையெழுத்தை ஏற்பது என்று ஒவ்வோர் இடமும் தானே முடிவு செய்யும். பயனர் பட்டியலை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. கையெழுத்து சரியாக இருந்தாலும் "எங்களிடம் இடமில்லை, உனக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும் உரிமை இடத்துக்காரரிடமே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு ஸ்லைஸ் தறிகெட்டு ஓடினால் உடனே நிறுத்த ஓர் ஏற்பாடு. இண்டியானா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு செயல்பாட்டு மையம் இருந்தது. நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வளாக நிர்வாகிகள் கதவைத் திறந்தார்கள். இணைப்பு பெருக வேண்டுமென்றால் துண்டிக்கும் உரிமையை முதலில் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் நான் கற்ற மிக உபயோகமான விஷயம்.

டீட்டர் என்ற டெஸ்ட்பெட்டை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் பெர்க்லியும் சேர்ந்து பாதுகாப்பு ஆராய்ச்சிக்காகக் கட்டியது. வார்ம், சேவை மறுப்புத் தாக்குதல் எல்லாம் அங்கே ஓடின. உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது என்பதுதான் அதன் பிறவிக் குணம். அதைப் போய் மற்றவற்றோடு இணைக்க வேண்டும். கடைசியில் சர்வரின் கொள்ளளவைப் பற்றிய பேச்சை விட, யார் எதைச் செய்யலாம் என்ற விதிகளை எழுதும் மொழி பற்றிய பேச்சே அங்கே அதிகம் நடந்தது. நியாயம்தான்.

இன்று ஜெனி ஓய்வு பெற்றுவிட்டது. அந்த இடத்தில் ஃபேப்ரிக் இருக்கிறது. 2019-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கியது. வட கரோலைனாவின் ரென்சி ஆய்வு நிறுவனத்தின் தலைமையில், பல ஊர்களில் முனைகள், மையப் பாதையில் நொடிக்கு ஒரு டெராபிட்டுக்கு மேல். பிரிஸ்டல், ஆம்ஸ்டர்டாம், ஜெனீவாவின் செர்ன், டோக்கியோ வரை நீட்டியிருக்கிறார்கள். கிளவுட்லாப், கமீலியன் போன்ற மற்ற டெஸ்ட்பெட்டுகளும் இதனோடு இணைகின்றன. கடிகாரத்துக்கு ஜி.பி.எஸ். வைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டு ஊர்க் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால், போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக அளக்கவே முடியாது. மொத்தத்தைப் பாதியாக வகுத்து ஊகிக்க வேண்டியதுதான். போகிற பாதையும் வருகிற பாதையும் வேறாக இருந்தால் அந்த ஊகமும் தப்பு.

நம் பக்கம் வருவோம். 1986-ல் தொடங்கிய, இந்தியக் கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கான எர்நெட்டில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்று. ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய 5ஜி டெஸ்ட்பெட் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. அதுவும் சென்னை, டெல்லி, ஹைதராபாத், கான்பூர், பெங்களூரு என்று ஐந்து ஊர்களில் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை தேசிய அறிவு நெட்வொர்க் இணைத்து வைத்திருக்கிறது. ஃபைபர் இருக்கிறது. ஆனால் நான் பேசிப் பார்த்த பல கல்லூரிகளில் அந்த இணைப்பு இன்டர்நெட் பார்க்கத்தான் உதவுகிறது. பக்கத்து ஊர்க் கல்லூரியின் ஆய்வகத்தோடு பேச அல்ல.

நெட்வொர்க் ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள்: இன்னொரு ஊரில் ஒரு கல்லூரியைப் பிடியுங்கள். பட்ஜெட் தேவையில்லை, இரண்டு பக்கமும் ஒரு பழைய லினக்ஸ் கணினி போதும். விஎக்ஸ்லான் லினக்ஸிலேயே இருக்கிறது. யூ.டி.பி. 4789 போர்ட்டை இரண்டு கல்லூரியின் ஃபயர்வாலிலும் அந்த இரண்டு முகவரிகளுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். விஎக்ஸ்லானில் மறையாக்கம் கிடையாது, ஆகவே மறையாக்கம் செய்யும் வயர்கார்டு சுரங்கத்தின் மேல் ஓட்டுங்கள். அப்போது வயர்கார்டின் போர்ட்டை மட்டும் திறந்தால் போதும், எம்.டி.யூ.வில் அதற்கும் சேர்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் பாக்கெட் போவதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள்: எந்த எண்கள் யாருக்கு, எந்தப் பரிசோதனைக்கு அனுமதி இல்லை, பிரச்சினை என்றால் இரண்டு பக்கமும் யார் போனை எடுப்பார், யார் வேண்டுமானாலும் கேட்காமல் இணைப்பைத் துண்டிக்கலாமா. துண்டிக்கலாம் என்றே எழுதுங்கள். இந்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம்.